மெத்தை அறையில் ஒருத்தி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நன்றாகக் கதை விடுகிறான் என்று நினைத்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது என் அண்ணிக்கு நடந்தது. அதில் ஒரு சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். விடுதி வாசலில், காருக்குள். அண்ணி ஓடி வந்த கோலத்தை என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் சொல்கிறேன்.

அண்ணி பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள். வேதியியல் பாடம் எடுப்பவர். ராத்திரி எங்கள் வீட்டில் எங்காவது பாத்திரம் உருண்டால் அண்ணனும் நானும் போர்வையை இழுத்து மூடிக்கொள்வோம். அண்ணிதான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, "பூனைதான், தூங்குங்க" என்பார். பொய் சொல்லவும் வராது. அண்ணன் ஆசையாகச் சமைத்துப் போட்டால்கூட, "உப்பு ஜாஸ்தி" என்றுதான் வாயைத் திறப்பார்.

அப்படிப்பட்டவரைப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் விடுதிக்குத் துணை வார்டனாகப் போட்டார்கள். முதலாமாண்டுப் பெண்கள் தங்கும் கட்டடம் அவர் பொறுப்பு. ராகிங் நடக்கவிடக் கூடாது. நடந்தால் உடனே மேலே புகார் கொடுக்க வேண்டும். வார நாட்களில் அங்கேயே தங்க வேண்டும். அதற்காகத் தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டி ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள்.

போன அன்றைக்கே அண்ணி ஒன்றைக் கவனித்தார். புதுப் பெண்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வணக்கம் சொல்வதுகூடத் தரைக்குத்தான். சீனியர்கள் போட்ட சட்டமாம். எந்த சீனியரின் முகத்தையும் பார்க்கக் கூடாது. யார் சீனியர், யார் ஆசிரியர் என்று புதிதாக வந்ததுகளுக்கு எப்படித் தெரியும்? அதனால் எதற்கு வம்பு என்று எல்லோருடைய காலையும் பார்த்தே பேசின.

அண்ணி அத்தனை பேரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினார்.

"எல்லாரும் தலையத் தூக்குங்க. என் மூஞ்சியப் பாருங்க. அவ்ளோ மோசமாவா இருக்கு?"

ஒன்றிரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள்.

"யாராவது உங்களக் கூப்பிட்டு மிரட்டினா என் கதவைத் தட்டுங்க. நான் தூங்கிட்டிருந்தாலும் தட்டுங்க. உங்க பேர் வெளிய வராது. ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து வந்து பார்ப்பேன். இது என் வாக்கு."

அந்தக் கூடத்தில் இருந்த பெண்கள் மட்டும்தான் அதைக் கேட்டார்கள் என்று அண்ணி நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது வாரம் முதல் புகார் வந்தது. கொடுத்தவள் ஒல்லியாக, பொடிசாக இருப்பாள். வாய் ஓயாமல் பேசுவாள். எல்லோரும் அவளைக் குருவி என்பார்கள். ஆஸ்துமா உண்டு. மூச்சு மருந்து அடைத்த சின்னக் குழாயைக் கையிலேயே வைத்திருப்பாள். மூன்று சீனியர்கள் தினமும் அவளைக் கூப்பிட்டுத் தங்கள் துணிகளைத் துவைக்க வைக்கிறார்கள், மாடிப்படியை முட்டி போட்டபடி ஏற வைக்கிறார்கள். "மூச்சு வாங்குதுக்கான்னா, நல்லா நடிக்கிறேன்னு சிரிக்கிறாங்க மேடம்" என்றாள்.

அண்ணி அன்றைக்கே அந்த மூவரையும் கூப்பிட்டு விசாரித்தார். மேலே எழுதியும் கொடுத்தார். மேலே இருந்தவர்கள் எச்சரித்து அனுப்பினார்கள். அதோடு சரி.

அந்த வாரக் கடைசியில்தான் அது முதல் தடவையாக வந்தது.

விளக்குகளை அணைத்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். அண்ணி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். வராந்தாவில் யாரோ நடந்து வருகிற சத்தம்.

டக்...

பிறகு சத்தமே இல்லாத ஓர் அடி.

மறுபடி... டக்.

கதவுக்கு வெளியே அது நின்றது. இரண்டு தட்டு. மெதுவாக, கேட்டும் கேட்காத மாதிரி.

அண்ணி திறந்தார். ஒரு பெண் நின்றிருந்தாள். தலை குனிந்திருந்தது. முடி முன்னால் விழுந்து முகத்தை மறைத்தது. தோளில் ஒரு பிரயாணப் பை. வெளியூர் போகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அப்படி. ஒரு காலில் குதி உயர்ந்த செருப்பு. இன்னொரு கால் வெறுங்கால். அதில் முழுக்க மண்.

"என்னம்மா?"

"மேடம்... உள்ள ஒரு பொண்ணு இருக்கா."

"எங்க உள்ள?"

"மெத்தை ரூம்ல. பூட்டியிருக்கு."

மெத்தை ரூம் என்பது அடித்தளத்தில் இருந்த சாமான் அறை. பழைய மெத்தைகளையும் உடைந்த கட்டில்களையும் அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. கனமான கதவு. தாழ்ப்பாளில் தொங்கும் பூட்டு, சாவி இல்லாமலே அமுக்கிப் பூட்டிவிடக்கூடிய ரகம். திறக்கத்தான் சாவி வேண்டும். அது அண்ணியின் சாவிக்கொத்தில் மட்டும்தான் இருந்தது.

அண்ணி சட்டென்று திரும்பி மேஜையிலிருந்து சாவிக்கொத்தையும் டார்ச்சையும் எடுத்தார். மறுபடி வாசலுக்கு வந்தால்... யாருமில்லை. சீனியர்கள் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயத்தில் ஓடியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கீழே போனார்.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. துருவும் தூசியும். திறந்தார். உத்தரம் வரைக்கும் மெத்தைகள்.

"யாரும்மா உள்ள?"

அந்த அறையில் குரல் எதிரொலிக்காது. வாயிலிருந்து வந்ததும் மெத்தைகள் அதைக் குடித்துவிடும். தன் குரலே வேறு யாருடையதோ போல் இருந்தது என்றார் அண்ணி. டார்ச்சை நாலா பக்கமும் அடித்துப் பார்த்தார். ஒருவரும் இல்லை. பின் மூலையில் மட்டும், கீழே கிடந்த ஒரு மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த மாதிரி.

கையை வைத்துப் பார்த்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது.

சுவருக்குப் பின்னால் வெந்நீர்க் குழாய் போகிறது போல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மேலே வந்து படுத்துவிட்டார். மறுநாள் குழாய் வேலை பார்ப்பவர் வந்தபோது கேட்டார்.

"அந்தச் செவுத்துலயா? அங்க குழாயே கிடையாதுங்க மேடம்."

அடுத்த வாரம் மறுபடியும் வந்தாள். அதே டக்... அதே இரண்டு தட்டு. அதே பை.

"மேடம்... உள்ள ஒரு பொண்ணு இருக்கா."

"இரு. நீ எந்த ரூம்? யாரு உன்னை அனுப்பினது?"

"நானேதான் வந்தேன் மேடம்."

"முதல்ல தலையத் தூக்கு. என்னைப் பாரு."

அவள் தலையைத் தூக்கவில்லை. இன்னும் கீழே குனிந்தாள். அண்ணி சாவிக்காகத் திரும்பிய நேரத்தில் போய்விட்டாள். கீழே பூட்டிய கதவு. உள்ளே வெறும் மெத்தைகள்.

காலையில் அண்ணி முதலாமாண்டுப் பெண்கள் அத்தனை பேரையும் ஒருத்தி விடாமல் பார்த்தார். உயரம், முடி, குரல். எவளும் ஒத்துவரவில்லை. அந்த மாதிரிப் பையும் யாரிடமும் இல்லை.

அன்றைக்கு அண்ணனிடம் போனில் சொல்லி அலுத்துக்கொண்டார்.

"வார்டனையே ராகிங் பண்றாங்கப்பா இங்க. புகார் எழுதினேன்ல, அந்தக் கோவம். ராத்திரி எழுப்பிவிட்டு அலைய விடுறாங்க."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "இனிமே தட்டினா திறக்காதே. அவ்ளோதான்."

"அதெப்படி? வாக்குக் குடுத்துட்டேனே."

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது அதற்கப்புறம் வந்த அந்தச் சாயங்காலம்தான்.

தொடர்ச்சியாக நாலு நாள் விடுமுறை வந்தது. விடுதியே காலியாகிற நாள் அது. மதியத்திலிருந்தே பெண்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அண்ணியைக் கூட்டிப் போக அண்ணன் காரை எடுத்து வந்திருந்தான். நானும் கூடப் போயிருந்தேன். நாங்கள் வாசலில் வண்டியை நிறுத்தும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மேல் மாடிகளில் ஒரு விளக்குகூட இல்லை. வாட்ச்மேன் பெரிய கேட்டின் ஒரு பக்கத்தைச் சாத்திவிட்டு இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார்.

"உங்க மேடம்தான் கடைசி" என்றார்.

அண்ணன் ஹாரன் அடித்தான்.

உள்ளே அண்ணி பையை மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்து, கதவின் கைப்பிடியில் கை வைத்திருந்தார்.

டக்...

காலியான கட்டடத்தில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

டக்...

அண்ணி அசையவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் அது. இரண்டு தட்டு.

அண்ணிக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. மறுபடி கீழே போக வேண்டும். மறுபடி அந்தத் தூசி. மறுபடி ஒன்றுமே இருக்காது. அண்ணன் இன்னொரு தடவை ஹாரன் அடித்தான். அறைக்குப் பின்பக்கமாக ஒரு கதவு உண்டு. அதைத் திறந்து நேராகக் காருக்கு வந்துவிடலாம். அண்ணி அந்தப் பக்கம் திரும்பியும்விட்டார்.

"மேடம்..."

கதவுக்கு வெளியிலிருந்து.

"...போயிடாதீங்க மேடம்."

அண்ணி திறந்தார்.

முந்தைய இரண்டு தடவையும் ஓர் எட்டு தள்ளி நின்றவள், இப்போது வாசற்படியை ஒட்டி நின்றாள். மங்கல் வெளிச்சம். குனிந்த தலை. காதுக்குக் கீழே கழுத்தில் ஏதோ கறுப்பாக ஒழுகிக் காய்ந்திருந்தது. மை என்று நினைத்தாராம் அண்ணி.

"உள்ள ஒரு பொண்ணு இருக்கா."

"சரி, இந்தத் தடவை நீ முன்னாடி நட. நான் பின்னாடி வரேன்."

அவள் திரும்பி நடந்தாள்.

டக்... சத்தமில்லை... டக்...

அண்ணி கண்ணை எடுக்காமல் பின்னாலேயே போனார். அடித்தளத்துப் படியில் இறங்கினாள். கடைசிப் படியில் வலது பக்கம் திரும்பினாள்.

சத்தம் நின்றது.

அண்ணியும் திரும்பினார்.

ஆள் இல்லை. அந்த இடத்தில் வேறு வழியும் இல்லை. மெத்தை ரூம் கதவு மட்டும். அதில் பூட்டு. ஆனால் அதன் மேல் இருந்த தூசியில் புது விரல் தடங்கள்... யாரோ தொட்டிருந்தார்கள்.

கதவுக்குப் பின்னால் ஒரு மெல்லிய சத்தம்.

ஸ்ஸீ...

விசில் மாதிரி.

ஸ்ஸீ... ஸ்ஸீ...

மூச்சு.

முதல் சாவி நுழையவில்லை. இரண்டாவது கீழே விழுந்தது. திறந்து டார்ச்சை அடித்தார்.

குருவி.

மெத்தைகளுக்கு நடுவில், மூலையில், கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம். கண் சொருகியிருந்தது. மருந்துக் குழாய் கையில் இல்லை.

அண்ணி ஓடி வந்ததைக் காருக்குள்ளிருந்து பார்த்தேன். தோளில் அந்தப் பெண். தலையெல்லாம் பஞ்சு. ஒரு காலில் செருப்பில்லை. கையை மட்டும் ஆட்டினார். அண்ணன் அப்போது ஓட்டினது போல எப்போதும் ஓட்டினதில்லை.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோன டாக்டர் கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். "பொழைச்சுட்டா. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது" என்றார். அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அண்ணி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

குருவி கண் விழித்தபோது நாங்கள் மூவரும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தோம். மூக்கை மூடியிருந்த முகமூடியை விலக்கி முதலில் கேட்டது இதுதான்.

"மேடம், அவ எங்க?"

"யாரு?"

"கூட இருந்தாளே. அவளையும் கூட்டிட்டு வந்துட்டீங்கல்ல?"

அண்ணி கட்டிலை நெருங்கிக் குனிந்தார்.

"உன்கூட இன்னொரு பொண்ணா?"

"ஆமா மேடம். இருட்டுல மூஞ்சி தெரியல. கையைப் பிடிச்சுட்டே இருந்தா. கத்தாதே, மூச்சு வீணாப் போயிடும்னா. சும்மா விளையாட்டுக்குத்தான் பூட்டியிருக்காங்க, அக்கா வந்து திறந்துடுவாங்கன்னு சொல்லிட்டே இருந்தா."

அண்ணனும் நானும் அப்படியே காரைத் திருப்பிக்கொண்டு விடுதிக்குப் போனோம். வாட்ச்மேனும் கூட வந்தார். மெத்தை ரூம் கதவு அண்ணி விட்டபடியே ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே போய் ஒவ்வொரு மெத்தையாக இழுத்துப் போட்டோம். கட்டில்களை நகர்த்தினோம். யாரும் இல்லை.

பின் மூலை மெத்தையில் இரண்டு பள்ளங்கள். பக்கத்தில் பக்கத்தில்.

ஒன்று குளிர்ந்துவிட்டிருந்தது.

இன்னொன்றில் கை வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன்.

"வாடா போகலாம்" என்றான் அண்ணன். அவன் முன்னால் போனான். வாட்ச்மேன் அவனுக்கு முன்னால். நான்தான் கடைசி.

எனக்குப் பின்னால்...

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அழுது முடித்த குழந்தை உறிஞ்சுமே, அந்த மாதிரி.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

விசாரணை நடந்தது. செய்தது அதே மூன்று சீனியர்கள். மெத்தைகளைப் போட அண்ணியிடம் சாவி வாங்கிய வேலையாட்கள், ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் அறையைப் பூட்டாமலே சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். குருவியைப் பத்து நிமிஷம் பயமுறுத்தலாம் என்று உள்ளே தள்ளித் தாழ் போட்டிருக்கிறார்கள். விளையாட்டுப்போலப் பூட்டையும் அமுக்கியிருக்கிறார்கள். அமுக்கின பிறகுதான் சாவி வார்டனிடம் இருப்பது உறைத்திருக்கிறது. போய்க் கேட்டால் மாட்டிக்கொள்வோம். நீ சொல்லு, நீ சொல்லு என்று மூவரும் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தனித்தனியாகக் கேட்டதில் மூவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"அவ சொல்லியிருப்பான்னு நினைச்சேன் மேடம்."

வார்டனிடம் வந்து சொன்னது யார் என்று கேட்டதற்கு மூவருமே விழித்தார்கள். தாங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது என்றார்கள்.

மூவரும் நீக்கப்பட்டார்கள். அண்ணி அதோடு விடவில்லை. ஆள் வைத்து மெத்தைகளையெல்லாம் அப்புறப்படுத்தினார். விளக்குப் போட்டார். கதவைக் கீலோடு கழற்றி எடுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். இனி அங்கே எவராலும் யாரையும் பூட்ட முடியாது.

எப்போதோ ஒரு பெண் அந்த அறையில் செத்திருக்க வேண்டும் என்பது மட்டும் எங்களுக்குப் புரிந்தது. கதவைத் தட்டியதும் அவள்தான், உள்ளே கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அவள்தான் என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். "பாவம், தனக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக் கூடாதுன்னு வந்திருக்கா. இனிமே நிம்மதியாப் போயிடுவா" என்றார் அண்ணி. பேயை நம்பாத அண்ணி.

ஒரு மாதம் அமைதியாகத்தான் போனது.

பிறகு ஒரு நாள்...

டக்...

இரண்டு தட்டு.

அதே பை. அதே வெறுங்கால்.

"மேடம்... உள்ள ஒரு பொண்ணு இருக்கா."

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அங்க இப்ப கதவே இல்லம்மா. கழட்டிட்டேன்."

அவள் இன்னும் கீழே குனிந்தாள்.

"பூட்டியிருக்கு மேடம்."

அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்ததும் அண்ணி செய்த முதல் வேலை, வெகுகாலம் முன்பு அங்கே வார்டனாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாவின் நம்பரை விசாரித்து வாங்கியதுதான். பட்டப்பகலில், கூடத்தில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். நானும் அண்ணனும் பக்கத்தில் இருந்தோம்.

"அம்மா, உங்க காலத்துல மெத்தை ரூம்ல முதலாமாண்டுப் பொண்ணு யாராவது..."

அந்த அம்மா முடிக்கவிடவில்லை.

"யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. அவளே வந்து கதவைத் தட்டுறா."

"...எப்படி இருக்கா?"

அண்ணி சொன்னார். பை. குனிந்த தலை. ஒற்றைச் செருப்பு. கழுத்தில் கறுப்பாகக் காய்ந்தது.

"அது அவ இல்லம்மா."

"என்னது?"

"உள்ள செத்தது சின்னப் பொண்ணு. உங்ககிட்ட வர்றது அவ இல்ல. அது அவளைப் பூட்டினவ. மூணாவது வருஷம் படிச்சா. சீனியர்."

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். அன்றைக்கும் நீண்ட விடுமுறைக்கு முந்தின நாள்தான். விளையாட்டுக்கு அந்தப் பெண்ணை உள்ளே விட்டுப் பூட்டை அமுக்கிவிட்டாள். சாவி வார்டனிடம். "நான் அப்பல்லாம் ரொம்பக் கண்டிப்பு. எங்கிட்ட வந்து கேக்க அவளுக்குப் பயம்." அதற்குள் அவளுடைய அப்பா கூட்டிப் போகக் காரில் வந்துவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். பாதி வழி வரைக்கும் வாயே திறக்கவில்லையாம். திடீரென்று, வண்டிய நிறுத்துங்கப்பா என்று கத்தியிருக்கிறாள். எதிர்ச்சாரியில் ஒரு போன் பூத் இருந்தது. இறங்கி ஓடியிருக்கிறாள்.

லாரி வந்ததை அவள் பார்க்கவில்லை.

"ரெண்டு நாள் ஆஸ்பத்திரில உயிர் இருந்துச்சு. நினைவு வரும், போகும். வர்றப்பல்லாம் ஒரே பேச்சுத்தானாம். உள்ள ஒரு பொண்ணு இருக்கா, உள்ள ஒரு பொண்ணு இருக்கா... டாக்டர் பிதற்றல்னுட்டார். அவ அப்பா பாவம், காருக்குள்ளதான் யாரோ மாட்டியிருக்காங்கன்னு நினைச்சு, நசுங்காத வண்டிய, சீட்டுக்கு அடியெல்லாம் தேடியிருக்கார். யாருக்குமே புரியல. லீவு முடிஞ்சு ஹாஸ்டல் திறந்தப்புறம், ஒரு பொண்ணுக்கு மெத்தை வேணும்னு போய்த்தான் கதவைத் திறந்தோம். அப்பத்தான் அவ சொன்னது புரிஞ்சுது."

"மெத்தை சரிஞ்சு விபத்துன்னு எழுதி முடிச்சுட்டாங்க" என்றார் அந்த அம்மா. பிறகு வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் அண்ணன், அந்த வேலையே வேண்டாம், விட்டுவிடு என்று கெஞ்சிப் பார்த்தான். சண்டைகூடப் போட்டான். அண்ணி கேட்கவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறார். போன வாரமும் தட்டினாளாம். அண்ணி எழுந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு, அடித்தளம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து படுத்தாராம்.

"ஒண்ணும் இருக்காதுன்னு தெரியும்ல அண்ணி? அப்புறம் எதுக்குப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அன்னிக்கும் அப்படித்தானே தம்பி நினைச்சேன்" என்றார்.